ஆக்கியோன் பெயர்: படைப்பாளியும் பதிப்புரிமையும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், நமது இலக்கியக் கூட்டங்களிலே அதிகம் பேசப்படாத ஒன்று. கதையின் உருவம் பற்றிப் பேசுகின்றோம். உள்ளடக்கம் பற்றிப் பேசுகின்றோம். விமர்சனத்தின் தரம் பற்றியும் சண்டை போடுகின்றோம். ஆனால், எழுதிய கதை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை மட்டும் ஏனோ நாம் கேட்பதில்லை. கேட்பது அநாகரிகம் என்றுகூட நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அந்த எண்ணத்தோடு நானும் நெடுங்காலம் இருந்தவன்தான். அதை மாற்றியது ஒரு மழைநாள் மாலையிலே என் வீட்டுக்கு வந்த ஓர் அம்மையார்.

அவருடைய கணவர் ஓர் ஆசிரியர். நல்ல சிறுகதை எழுத்தாளர். இரண்டு தொகுதிகள் வெளியிட்டவர். தொகுதியிற் சேராத கதைகள் பல பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் சிதறிக் கிடந்தன. 2011ஆம் ஆண்டிலே அவர் காலமானார். அந்த அம்மையார் பொலித்தீன் பையொன்றிலே சுற்றி, நனையாமல், ஒரு தாளைக் கொண்டு வந்திருந்தார். கணவருடைய கதைகள் அனைத்தையும் ஒரே நூலாக வெளியிட ஒரு பதிப்பாளர் முன்வந்திருக்கிறாராம். அதற்கான ஒப்புதற் கடிதம் அது. ஆக்கங்கள் யாவற்றினதும் முழு உரிமையையும் நிரந்தரமாகக் கையளிப்பதாக அதிலே எழுதப்பட்டிருந்தது. பதிலுக்கு இருபத்தைந்து பிரதிகள்.

"அவற்றை புத்தகம் வருகுதெண்டால் எனக்குச் சந்தோசம்தான், தம்பி. ஆனால், நிரந்தரமாக எண்டு ஒரு சொல்லுக் கிடக்கு. அதுதான் மனசுக்கு என்னவோ செய்யுது. இதிலை நான் கையெழுத்து வைக்கலாமோ?" என்று கேட்டார்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சட்டம் எனக்குச் செவிவழிச் செய்தியாகத்தான் தெரிந்திருந்தது. இன்னொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கின்றேன். ஒரு வாரம் அவகாசம் கேட்டு, சட்ட நூலைத் தேடிப் படித்தேன். நண்பரான சட்டத்தரணி ஒருவரிடமும் விளக்கம் கேட்டேன். அப்படி நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கின்றேன்.

பதிப்புரிமை என்பது மேல்நாட்டார் நமக்குத் தந்த புதுச் சரக்கு என்று சொல்வாருண்டு. சட்டம் என்ற வகையிலே அது உண்மைதான். ஆனால், அதன் அடியிலுள்ள நியாயம் நமது மரபுக்கு அந்நியமானதன்று. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டியவை எட்டு என்று நன்னூலார் வகுத்தார். அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது, அந்நூல் எதன் வழிவந்தது என்பது. எழுதியவனைச் சொல், அவன் யாரிடமிருந்து பெற்றான் என்பதையும் சொல். இந்த இரண்டையும் சொன்ன பின்னர்தான் ஏனையவை. முதனூல், வழிநூல், சார்புநூல் என்ற பாகுபாடும் இந்த நேர்மையின் விளைவே. மொழிபெயர்ப்பைத் தொல்காப்பியம் வழிநூலின் வகைகளுள் ஒன்றாக வைத்தது. கம்பன் தன் காவியத்தின் தொடக்கத்திலேயே தான் வான்மீகியைப் பின்பற்றுவதைச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் நுழைகின்றான்.

ஆக, பெயர் சொல்லும் கடமை நமக்குப் பழையது. ஆனால் படைப்பிலிருந்து வரும் வருவாய்க்கு அன்று வேறு வழி இருந்தது. புலவனுக்கு மன்னன் பரிசில் கொடுத்தான், வள்ளல் ஆதரித்தான். ஏட்டைப் பார்த்து இன்னொருவர் பிரதி எழுதிக் கொண்டால் புலவனுக்கு நட்டமில்லை. அவன் புகழ் பரவியது. அச்சியந்திரம் வந்த பின்னர்தான் நிலைமை மாறியது. ஒருவர் எழுத, மற்றொருவர் ஆயிரம் பிரதி அடித்து விற்கலாம் என்ற நிலை வந்தபோது, அந்தப் பணம் யாருக்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது.

இங்கிலாந்திலே தொடக்கத்தில் இந்த உரிமை அச்சகத்தார் கையிலும் புத்தக வியாபாரிகள் கையிலுமே இருந்தது. எழுத்தாளன் கைப்பிரதியை விற்றுவிட்டால் அத்தோடு சரி. 1710ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஆன் அரசியாரின் சட்டமே எழுத்தாளனை உரிமையாளனாக முதன்முதல் ஏற்றுக்கொண்டது. பதினான்கு ஆண்டுகள் உரிமை; அவன் அப்போதும் உயிரோடிருந்தால் மேலும் பதினான்கு ஆண்டுகள். பின்னர் 1886இலே பேர்ண் நகரிலே சர்வதேச உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தானது. ஓர் உறுப்பு நாட்டின் எழுத்தாளனுக்கு ஏனைய உறுப்பு நாடுகளும் தம் நாட்டு எழுத்தாளனுக்கு அளிக்கும் பாதுகாப்பை அளிக்கவேண்டும் என்பதே அதன் சாரம். இலங்கையும் அதில் உறுப்பு நாடு. இந்தியாவும் உறுப்பு நாடு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ இருந்து ஒருவர் எழுதிய கதையைச் சென்னையிலே கேளாமல் அச்சடித்தால், கடல் கடந்துவிட்டது என்பதற்காக உரிமை கரைந்துவிடாது. அங்குள்ளவரின் நூலை இங்கே அடித்தாலும் அப்படியே.

இப்போது நமது நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் முன்னர் நடைமுறையில் இருந்தது. அதனை நீக்கி, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்தது. இன்று நம்மை ஆளுவது இதுவே.

இச்சட்டத்தில் ஓர் எழுத்தாளன் முதலில் அறியவேண்டியது இதுதான்: படைப்பு உருவான கணத்திலேயே உரிமையும் பிறந்துவிடுகின்றது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. கட்டணம் கட்ட வேண்டியதில்லை. நூலின் பின்பக்கத்திலே 'உரிமை ஆசிரியருக்கே' என்று அச்சடித்தால்தான் உரிமை உண்டு என்பதுமில்லை. படைப்பு உயர்ந்ததா தாழ்ந்ததா என்றும் சட்டம் பார்ப்பதில்லை. விமர்சகர் கிழித்தெறிந்த கவிதைக்கும் அதே பாதுகாப்புத்தான்.

இங்கே ஒரு மயக்கத்தையும் தீர்த்துக்கொள்வோம். புத்தகத்துக்குச் சர்வதேச நியமப் புத்தக எண் எடுத்துவிட்டேன், ஆகவே உரிமை பதிவாகிவிட்டது என்று நண்பர்கள் சிலர் சொல்வார்கள். அந்த எண் நூலை அடையாளம் காண உதவுவது. உரிமையைத் தருவது அன்று. கைப்பிரதியைத் தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையை உடைக்காமல் வைத்திருப்பாருமுண்டு. அது, இந்தத் திகதியிலே இது என் கையில் இருந்தது என்று காட்ட ஒரு சான்றாகலாம். அவ்வளவே. கைப்பிரதிகளையும், ஆசிரியருடன் நடந்த கடிதப் போக்குவரத்தையும், வெளிவந்த பத்திரிகைத் துண்டுகளையும் திகதியிட்டுப் பேணுவதும் அதே போன்ற நல்ல சான்றுதான்.

அடுத்து, எதற்கு உரிமை உண்டு, எதற்கு இல்லை என்பது. எண்ணத்துக்கு உரிமை கிடையாது. அந்த எண்ணத்துக்கு ஒருவர் கொடுத்த வடிவத்துக்கே உரிமை. கர்ணனின் கதையை யாரும் எழுதலாம். தேயிலை மலையிலே கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் துயரத்தை ஒருவர் கதையாக்கிவிட்டார் என்பதால், மற்றவர்கள் அந்த மலைப் பக்கமே போகக்கூடாது என்பதில்லை. ஆனால் அவர் கட்டிய வாக்கியங்களை, அவர் அடுக்கிய நிகழ்ச்சிகளை, அவர் உருவாக்கிய உரையாடலை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால், அது களவு. அன்றாடச் செய்திக்கும், சட்டம், அரசாங்கக் கட்டளை போன்றவற்றின் உத்தியோகபூர்வ வாசகத்துக்கும் பதிப்புரிமை இல்லை.

மொழிபெயர்ப்பும், நாவலை நாடகமாக்குவதும், கதையைத் திரைப்படமாக்குவதும் மூல ஆசிரியரின் அனுமதியோடு செய்ய வேண்டியவை. அதே வேளை, அப்படிச் செய்தவரின் உழைப்புக்கும் தனியே உரிமை உண்டு. சிங்களக் கதையொன்றைத் தமிழாக்கியவரின் தமிழ் வாக்கியங்கள் அவருக்குரியவை. மூல ஆசிரியரிடம் மட்டும் கேட்டுவிட்டு, மொழிபெயர்ப்பாளரை மறந்துவிடக்கூடாது. நமது தொகுப்பாளர்கள் அடிக்கடி மறப்பது இவரைத்தான்.

உரிமையைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கின்றது. ஒன்று பொருளாதார உரிமை. அச்சிடல், மறுபதிப்பு, மொழிபெயர்ப்பு, ஒலிபரப்பு, மேடையேற்றம் முதலியவற்றுக்கு அனுமதி கொடுக்கவும், பணம் பெறவும் உள்ள உரிமை இது. இதை விற்கலாம், கொடுக்கலாம், பங்கு போடலாம். மற்றையது ஒழுக்கவியல் உரிமை. படைப்போடு தன் பெயர் வரவேண்டும் என்று கேட்கும் உரிமை. விரும்பினால் புனைபெயரில் நிற்கும் உரிமை. தன் மதிப்புக்கு ஊறு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை. பொருளாதார உரிமையை விற்றுவிட்டாலும் இது எழுத்தாளனை விட்டுப் போகாது. காணியை விற்கலாம், பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் என்ற முறையை விற்க முடியுமா?

இந்த இரண்டாவது உரிமை எத்துணை ஆழமானது என்பதைக் காட்ட நமது நாட்டின் வரலாற்றிலேயே ஒரு துயர நிகழ்ச்சி இருக்கின்றது. ஆனந்த சமரக்கோன் அவர்கள் இயற்றி இசையமைத்த 'நமோ நமோ மாதா' என்ற பாடல் 1951ஆம் ஆண்டிலே நமது தேசிய கீதமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதனைத் தமிழாக்கியவர் முதுதமிழ்ப் புலவர் மு. நல்லதம்பி அவர்கள். பின்னர், பாட்டின் தொடக்கச் சொற்கள் நாட்டுக்கு ஆகாதவை, அபசகுனமானவை என்று சிலர் குறை சொல்லத் தொடங்கினர். பிரதமர் இருவரின் மரணத்துக்கும் அந்தச் சொற்களே காரணம் என்றுகூடப் பேசினார்கள். பாடலாசிரியர் கடுமையாக எதிர்த்தும், 1961இலே அந்தத் தொடக்கச் சொற்கள் மாற்றப்பட்டன. 1962ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். தம் பாடல் சிதைக்கப்பட்ட வேதனையை அவர் எழுத்திலே விட்டுச் சென்றார்.

ஒரு மனிதரின் மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்வது முறையன்று. அதை நான் செய்யவில்லை. ஆனால், இரண்டு மூன்று சொற்கள்தானே என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றுவது, எழுதியவனுக்கு எப்படி இருக்கும் என்பதை இந்த நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது. ஆசிரியரைக் கேளாமல் கதையின் முடிவை மாற்றும் பத்திரிகை ஆசிரியரும், கவிதையின் கடைசிப் பந்தியை இடமில்லை என்று வெட்டுபவரும் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது நமது பழமொழி. அச்சடிப்பவனும் கெடுக்கலாம் என்பது நமது அனுபவம்.

இனி, இந்த உரிமை எவ்வளவு காலம்? நமது சட்டப்படி, ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால், இருவரில் கடைசியாக மறைந்தவரின் மரணத்திலிருந்து 70 ஆண்டுகள். கவிஞர் மஹாகவி 1971ஆம் ஆண்டிலே மறைந்தார். அவர் கவிதைகளின் உரிமை 2041ஆம் ஆண்டுவரை செல்லும். சுவாமி விபுலாநந்தர் 1947இலே, யாழ் நூல் வெளிவந்த அடுத்த மாதத்திலே, அமரரானார். எந்தக் கணக்கிலே பார்த்தாலும் அவர் எழுத்துக்கள் இன்று நம் அனைவருக்கும் பொதுச் சொத்து. என்னிடம் வந்த அம்மையாரின் கணவர் மறைந்தது 2011இலே. அந்தக் கதைகளின் உரிமை 2081ஆம் ஆண்டுவரை இருக்கின்றது. அந்தத் தாளிலே இருந்த 'நிரந்தரமாக' என்ற சொல்லின் நீளம் அதுதான். அவருடைய பேரப்பிள்ளைகளும் முதியவர்களாகும் காலம்வரை.

இத்தனை காலம் ஒரு குடும்பம் உரிமையைக் கட்டிப்பிடித்துக் கொண்டிருப்பது இலக்கியத்துக்கு நல்லதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குத் தமிழ் உலகம் முழுவதும் அறிய வேண்டிய ஓர் உதாரணம் மகாகவி பாரதியார். 1921ஆம் ஆண்டு செப்டெம்பரிலே அவர் மறைந்தபோது, குடும்பத்துக்கு விட்டுச் சென்ற சொத்து எழுத்து ஒன்றே. மனைவி செல்லம்மா நூல்களை வெளியிட முயன்றார். காலப்போக்கிலே பதிப்புரிமை பாரதியாரின் மாற்றாந்தாய் மகனான தம்பி சி. விசுவநாதனிடம் சென்றது. பாடல்களை இசைத்தட்டிலே பதியும் உரிமையோ கைமாறிக் கைமாறி, இறுதியிலே படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் போய்ச் சேர்ந்தது. டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்திலே பாரதி பாடல் ஒன்று இடம்பெற்றபோது உரிமைப் பிணக்கு மூண்டது. நாட்டு விடுதலையைப் பாடிய கவிஞனின் பாட்டுக்கு விடுதலை இல்லையா என்று எழுத்தாளர்களும் பொதுமக்களும் குரல் எழுப்பினார்கள். 1949இலே சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளைப் பெற்றுக்கொண்டது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமலே கொடுத்தார். சாதாரணமாக 1971வரை நீடித்திருக்கவேண்டிய உரிமை இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே மக்களை நோக்கித் திரும்பிற்று. இவ்வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தனி நூலாகவே எழுதியிருக்கின்றார்.

இதற்கு மாறான உதாரணம் தாகூர். அவர் மறைந்தது 1941இலே. அன்றைய இந்தியச் சட்டத்தின்படி 50 ஆண்டுகள் கழித்து, 1991ஆம் ஆண்டு முடிவோடு உரிமை தீரவேண்டும். அது விசுவபாரதி நிறுவனத்தின் கையிலே இருந்தது. தீரும் தறுவாயிலே இந்திய அரசு காலத்தை 60 ஆண்டுகளாக நீட்டியது. ஆகவே 2001ஆம் ஆண்டின் முடிவிலேதான் தாகூர் எல்லாருக்கும் உரியவரானார். ஒரு கவிஞருக்காகக் காலத்தைச் சுருக்கினார்கள். இன்னொரு கவிஞருக்காக நீட்டினார்கள். இரண்டுமே ஒரு கேள்வியைச் சுற்றியவை: படைப்பாளியின் குடும்பத்துக்கும் வாசகனுக்கும் இடையிலே தராசை எங்கே பிடிப்பது?

இந்தத் தராசைச் சட்டமும் மறக்கவில்லை. 'நியாயமான பயன்பாடு' என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கின்றது. விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்காக அளவோடு எடுத்தாளலாம். எதற்காக எடுத்தார்கள், எவ்வகைப் படைப்பிலிருந்து எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள், அதனால் மூல நூலின் விற்பனை பாதிக்கப்படுமா என்ற நான்கையும் வைத்துத்தான் அது நியாயமா என்று தீர்மானிக்கப்படும். மேற்கோள் காட்டும்போது ஆசிரியரின் பெயரையும் மூலத்தையும் சொல்லவேண்டும். நன்னூலாரின் முதல் இரண்டு விதிகளும் இங்கே மீண்டும் வந்து நிற்பதைக் கவனியுங்கள். ஆனால் முழுப் புத்தகத்தையும் போட்டோப்பிரதி எடுத்து மட்டை கட்டிக் கொள்வதும், கையடக்கத் தொலைபேசியிலே முழு நாவலையும் நூறு பேருக்கு அனுப்புவதும் நியாயமான பயன்பாடு ஆகா. அன்பினாலே செய்கின்றோம் என்று சொல்கின்றோம். சொந்தப் பணத்திலே சில நூறு பிரதிகள் அச்சடித்து, பாதியைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கும் நமது எழுத்தாளனுக்கு அந்த அன்பினாலே என்ன பயன்?

நூலகங்களுக்கும் ஒரு விலக்கு உண்டு. அழிந்துபோன, பாவிக்க முடியாது சிதைந்த நூலுக்குப் பதிலாகவும், பேணிப் பாதுகாப்பதற்காகவும் பிரதி எடுக்கலாம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட நமக்கு இதன் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உரிமையைக் காப்பது ஒரு கடமை. நூலையே காப்பது அதனினும் முந்திய கடமை. இரண்டும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை. ஈழத்து நூல்களை மின்வடிவிலே பேணி வரும் நூலகம் நிறுவனம் போன்றவர்கள் அனுமதி கேட்டு வரும்போது, எழுத்தாளரும் குடும்பத்தாரும் மனமுவந்து எழுத்திலே அனுமதி கொடுப்பார்களானால், அதுவே இரண்டு கடமையையும் ஒருங்கே செய்ததாகும். உரிமை இருக்கின்றது என்பதன் பொருள், கொடுக்காமல் இருப்பது என்பதன்று. கொடுக்கும் கை நம்முடையதாக இருக்கின்றது என்பதே.

யார் எழுதினார் என்று தெரியாத பாட்டுக்களும் உண்டு. மட்டக்களப்பின் வயல்வெளிப் பாட்டும், மலையகத்துத் தோட்டப் பாட்டும் ஒருவருக்குச் சொந்தமல்ல. ஒரு மக்கட் கூட்டத்துக்குச் சொந்தம். நாட்டார் வெளிப்பாடுகளை வியாபார நோக்கிலே பயன்படுத்துவதைச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அலைந்து திரிந்து மக்கள் பாடல்களைத் திரட்டித் தந்தனர். அவர்கள் திரட்டியதை எடுத்தாளும்போது, பாடிய மக்களையும் திரட்டியவரையும் சொல்வது நம் கடன். பாட்டு பொதுவாக இருக்கலாம். தேடி அலைந்த கால்கள் ஒருவருடையவை.

உரிமையை மீறினால் என்ன? நட்டஈடு கேட்டு வழக்குத் தொடரலாம், தடையுத்தரவு பெறலாம். தெரிந்து செய்த மீறலுக்குச் சட்டம் தண்டனையும் விதிக்கின்றது: ஆறு மாதத்துக்கு மேற்படாத சிறை, அல்லது ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத தண்டப்பணம், அல்லது இரண்டும். ஆனால் நமது எழுத்தாளர்களிலே எத்தனை பேருக்கு நீதிமன்றப் படியேறப் பணமும் காலமும் உண்டு? ஆகவே வரும்முன் காப்பதே நன்று. அதற்குச் சட்டம் தரும் சிறந்த ஆயுதம், எழுத்து. உரிமையை மாற்றுவதாயினும், அனுமதி கொடுப்பதாயினும், அது எழுத்திலே, கையொப்பத்தோடு இருக்கவேண்டும். பத்திரிகை நிறுவனத்திலே சம்பளத்துக்கு வேலை செய்பவர் கடமையாக எழுதியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், நிறுவனத்துக்குரியது. ஆனால் வெளியிலிருந்து ஒரு கதையை அனுப்புபவர், பிரசுரிக்க இடங்கொடுக்கிறாரே தவிர, கதையையே கொடுத்துவிடவில்லை.

எழுத்தாளர்களும் அவர்தம் குடும்பத்தாரும் எந்தத் தாளிலும் ஒப்பமிடுமுன் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தெந்த ஆக்கங்கள்? எத்தனை பதிப்பு, எத்தனை பிரதி? எவ்வளவு காலத்துக்கு? எந்த மொழியில், எந்த வடிவில்: அச்சா, ஒலியா, மின்நூலா, படமா? பதிலுக்கு என்ன? இந்த ஐந்துக்கும் தாளிலே பதில் இல்லையென்றால், பேனாவை மூடி வைத்துவிடலாம்.

ஒரு வாரத்தின் பின் அந்த அம்மையாரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக் கொண்டிருந்தார். பிறகு, முன்னர் சொல்லாது விட்ட அந்த மற்றக் காரணத்தையும் சொல்லவேண்டிய நேரம் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஒரு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டேன். அதிலே அவருடைய கணவரின் கதையொன்றும் இருக்கின்றது. அவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். நான் கேட்கவில்லை. நல்ல கதை, நல்ல தொகுப்பு, சேர்த்தால் அவருக்கும் பெருமைதானே என்று எண்ணிக்கொண்டேன். ஒரு பிரதிகூட அனுப்பவில்லை. இதைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன்.

"அது எங்களுக்குத் தெரியும், தம்பி. அவர் கடையிலை காசு குடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொண்டு வந்தவர். ஒண்டும் சொல்லேல்லை. ஒரு சொல்லுக் கேட்டிருந்தால், முடிவிலை ஒரு வசனம் திருத்தித் தந்திருப்பன் எண்டு மட்டும் சொன்னவர்" என்றார்.

நேயர்களே, பதிப்புரிமைச் சட்டத்திலே நான் படித்த எந்தப் பிரிவும் அந்த ஒரு வசனம்போல் என்னைத் தைக்கவில்லை. கேளாமல் எடுத்ததனால் நான் அவருக்குச் சில நூறு ரூபாவை இல்லாமற் செய்தேன் என்பதல்ல என் கவலை. தன் கதையைத் திருத்திக்கொள்ள அவருக்கு இருந்த ஒரு சந்தர்ப்பத்தை நான் இல்லாமற் செய்துவிட்டேன். அது இனி வராது. அந்த வசனம் எது என்பதும் இனி யாருக்கும் தெரியாது.

அந்தத் தாளிலே 'முழு உரிமையும் நிரந்தரமாக' என்ற சொற்களை அம்மையார் தம் கையாலேயே வெட்டினார். 'முதற் பதிப்புக்கு மட்டும், அச்சு நூலாக' என்று எழுதினார். மொழிபெயர்ப்புக்கும் மின்நூலுக்கும் தனியே கேட்கவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். பதிப்பாளர் கோபித்துக்கொள்வாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அவர் கோபிக்கவில்லை. இப்படி யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்று மட்டும் சொன்னாராம். நாம் கேட்காததனாலேயே அவருக்கும் தெரியாமற் போயிருக்கின்றது. நூல் வெளிவந்துவிட்டது. அதன் முதற் பக்கத்திலே ஆக்கியோன் பெயரும், உரிமை அவர் மனைவிக்குரியது என்ற குறிப்பும் இருக்கின்றன.

என் தொகுப்பு மறுபதிப்பாக வருமானால், அதிலுள்ள பதினெட்டுப் பேருக்கும், மறைந்தவர்களின் வீட்டாருக்கும் கடிதம் எழுதுவேன். சிலரின் முகவரியைத் தேட வேண்டும். சிலர் நாட்டிலேயே இல்லை. தேடத் தொடங்கியிருக்கின்றேன். அனுமதி கேட்பதோடு, திருத்தம் ஏதும் உண்டா என்றும் கேட்பேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எழுத்தாள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆக்கங்களின் பட்டியல் ஒன்றை, வெளிவந்த இடமும் திகதியும் குறித்து, எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் யாரிடம் கேட்கவேண்டும் என்பதையும் அதிலே குறித்து, அவரிடமும் சொல்லி வையுங்கள். தொகுப்பாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரு சொல் கேளுங்கள். பெரும்பாலும் 'ஓம்' என்றுதான் பதில் வரும்.